அடைக்காதே அண்ணன்

கிள்ளான் பள்ளத்தாக்கின் சாலை நெரிசலை முழுமையாகத் தோற்கடித்த ஒரே மனிதர் எங்கள் அடைக்காதே அண்ணன்தான். உடம்பு கிள்ளானில் இருக்கும். வேலை பிரிக்பீல்ட்ஸில் நடக்கும். இரண்டுக்கும் நடுவில் ஒரு கிழட்டு மடிக்கணினி மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

பிரிக்பீல்ட்ஸில் ஒரு கடைவீட்டு மாடியில் எங்கள் காப்புறுதி முகவர் அலுவலகம். மூட்டுவலி வந்ததிலிருந்து அண்ணனுக்கு வாரத்தில் பாதி நாள் வீட்டிலிருந்தே வேலை. மடிக்கணினி வழியாக அலுவலகக் கணினிக்குள் நுழைந்துவிடுவார். ஒரே நிபந்தனை, அலுவலகக் கணினி எப்போதும் உயிரோடு இருக்க வேண்டும். அதனால் மாலையில் கிளம்பும்போது படிக்கட்டில் நின்று, "அடைக்காதே! யாரும் அடைக்காதே!" என்று கத்திவிட்டுத்தான் இறங்குவார். பெற்றோர் வைத்த பெயர் அத்தோடு காணாமல் போனது.

நம் ஊர்ப் பேச்சில் ஜன்னலையும் அடைப்போம், விளக்கையும் அடைப்போம், கணினியையும் அடைப்போம். இது தெரிந்தும் அண்ணன் 'அடைக்காதே' என்று ஒரு தாளில் எழுதிக் கணினித் திரையின் ஓரத்தில் ஒட்டினார். பக்கத்திலேயே ஜன்னல். மறுநாள் காலை கணினி அணைந்திருந்தது, ஜன்னல் திறந்திருந்தது, மழைச்சாரலில் மேசை நீந்திக்கொண்டிருந்தது.

கூட்டிப் பெருக்கும் பாக்கியம் அக்கா பெருமையோடு சொன்னார்: "நீங்க எழுதுன மாதிரியே ஜன்னல அடைக்கல, அண்ணே. கம்ப்யூட்டர மட்டும் அடைச்சிட்டேன். கரண்ட் மிச்சம் லா!"

அன்று வீட்டிலிருந்து வேலை செய்ய வேண்டிய நாள். அண்ணன் கிள்ளானிலிருந்து ரயிலேறி வந்தார். பொத்தானை அழுத்தினார். கணினி விழித்ததும் பையைத் தூக்கிக்கொண்டு மறுபடி ரயிலுக்குக் கிளம்பினார்.

முதலாளிக்குப் பொறுக்கவில்லை. "அண்ணே, வந்ததுதான் வந்தீங்க, இங்கயே ஒக்காந்து செய்யக்கூடாதா?"

"இன்னைக்கு எனக்கு வீட்டுல வேலை, பாஸ்."

அந்த மடிக்கணினியை நான் நேரில் பார்த்தது ஒரு வெள்ள நாளில். நான் எதற்கும் பயப்படும் ரகம். பல்கலைக்கழக விடுதியில் மகள் தும்மினால் எனக்கு வீட்டில் காய்ச்சல் வரும். அப்படிப்பட்டவளுக்கு அந்த நாள் வாய்த்தது.

விடுதியிலிருந்து வீட்டுக்கு வந்திருந்த மகள் ஷர்மி, இறுதியாண்டு ஆய்வேட்டை அன்று மாலை ஐந்து மணிக்குள் இணையத்தில் ஏற்ற வேண்டும். இல்லையென்றால் இன்னொரு வருடம். முந்தின இரவு எங்கள் வீட்டுக் கூரை ஒழுகியது, நேராக அவள் கணினியின் மேல். அது கண்ணை மூடிவிட்டது. ஆய்வேட்டின் இன்னொரு பிரதி இருந்த ஒரே இடம் அண்ணனுடைய அலுவலகக் கணினி. அச்சடிக்கக் கொண்டுபோனபோது அதில்தான் போட்டு வைத்திருந்தேன். ஆனால் அலுவலகம் விடுமுறை. சாலையெல்லாம் தண்ணீர். ரயிலும் ஓடவில்லை.

நல்லவேளை, அண்ணன் வீடும் கிள்ளானில் எங்கள் தாமான் குடியிருப்பிலேயே மூன்றாவது தெரு. நானும் ஷர்மியும் குடையைப் பிடித்துக்கொண்டு, முழங்கால் தண்ணீரில் நடந்து போய்க் கதவைத் தட்டினோம்.

"அழுவாத, பாப்பா. அங்கிள் இருக்கேன்ல," என்று சாப்பாட்டு மேசையில் கடையை விரித்தார். மடிக்கணினியின் திரை தானாக நிற்காது. பிஸ்கட் டின் முட்டுக்கொடுத்தது. விசைப்பலகையில் பாதி எழுத்துகளுக்கு மேல்மூடி கிடையாது. இறைச்சி கோத்துச் சுடும் சாத்தே குச்சியால் குத்தினார். சூடாகாமல் இருக்க மேசை விசிறி ஒரு பக்கம், அடியில் உறைந்த பட்டாணிப் பொட்டலம் மறுபக்கம். அண்ணி பார்த்துக்கொண்டிருந்த நாடகம் பாதியில் நிறுத்தப்பட்டது, இணையத்தின் வேகத்தை முன்னிட்டு.

"நல்ல கட்டம்ங்க! அந்த மாமியார் இப்பதான் மாட்டப் போறா!"

"அவ எங்கயும் போவ மாட்டா. பிள்ள படிப்பு போயிரும்."

அண்ணன் திரையைத் தட்டி, "எழுந்திரு, தாயி," என்றார். பிரிக்பீல்ட்ஸ் மெதுவாகக் கண்விழித்தது. இங்கே சுட்டியை நகர்த்தினால் அங்கே அம்பு யோசித்து, பெருமூச்சு விட்டு, பிறகு நகர்ந்தது. ஆய்வேட்டைக் கண்டுபிடித்து, அங்கிருந்தே பல்கலைக்கழகத்தின் பக்கத்தைத் திறந்து ஏற்ற ஆரம்பித்தபோது மணி நாலைத் தாண்டியிருந்தது. பச்சைக் கோடு நத்தையாக ஊர்ந்தது.

திடீரென்று அண்ணன் முகம் வெளுத்தது. "பாக்கியம் அக்கா!"

அக்கா குடியிருப்பது அலுவலகத்துக்குப் பக்கத்துத் தெரு. லீவு நாளானாலும் இந்நேரத்துக்குக் கூட்ட வந்துவிடுவார். ஆளில்லாத அலுவலகத்தில் கணினி ஓடினால் சும்மா விடுவாரா? போன் அடித்தோம். எடுக்கவில்லை. வேலை நேரத்தில் அவர் போன் பைக்குள் தூங்கும். ஷர்மி என் கையை நசுக்கினாள்.

அண்ணன் சாத்தே குச்சியைக் கீழே வைத்தார். அலுவலகக் கணினியில் படம் வரையும் பக்கத்தைத் திறந்து, சுட்டியால் திரை நிறைய எதையோ வரைய ஆரம்பித்தார்.

"என்னாண்ணே இது?"

"எழுதினா அக்கா ஜன்னலுன்னு நெனச்சிரும். கை போடுறேன். நிறுத்துன்னு காட்டுற கை."

அம்பு தாமதித்துத் தாமதித்து நகர்ந்ததில் கைக்கு ஆறு விரல் வந்தது. ஆறாவதை முடிக்கும்போது என் போன் அலறியது.

"தங்கச்சி! ஆபீஸ்ல யாரும் இல்ல, கம்ப்யூட்டர்ல தன்னால ஒரு கை வருது! நான் அடைச்சிட்டு ஓடப் போறேன்!"

அண்ணன் போனைப் பிடுங்கினார். "அக்கா, அது என் கை லா!"

"ஒங்க கைல எப்பண்ணே ஆறு வெரலு?"

"அத அப்பறம் எண்ணிக்கலாம். கம்ப்யூட்டர தொடாதீங்க. பக்கத்துலயே நில்லுங்க. யாரையும் தொட விடாதீங்க!"

பேய் இல்லை என்று தெரிந்ததும் அக்கா துடைப்பத்தோடு காவல் நின்றார். ஐந்து அடிக்கச் சில நிமிடங்களே இருந்தபோது 'பெற்றுக்கொண்டோம்' என்ற வரி திரையில் வந்தது. ஷர்மி விம்மியபடி அண்ணன் காலில் விழக் குனிந்தாள்.

"ஏய் ஏய், வயர மிதிக்காத!"

அண்ணி எல்லோருக்கும் தேநீர் கொண்டுவந்தார். எனக்குத்தான் நடுக்கம் நிற்கவில்லை என்று நினைத்திருந்தேன். அண்ணன் கையிலிருந்த கோப்பை தட்டில் கடகடவென்று ஆடியது. நான் பார்ப்பதைக் கண்டு, "விசிறி காத்து," என்றார்.

இப்போதும் கிள்ளானில் மழை வலுத்தால் முதலில் மகளுக்குப் போன் செய்வேன். அடுத்து அண்ணனுக்கு. எதற்குக் கூப்பிட்டாய் என்று அவர் கேட்பதில்லை. "சாப்பிட்டியா, தங்கச்சி?" என்பார். நானும் சாப்பிட்டேன் என்பேன். மழை விடும்வரை இரண்டு பேரும் போனை வைக்க மாட்டோம்.