வாளியும் மரியக்கா குடிலும்

முத்தியால்பேட்டையில் நெருப்புக்குப் பயந்தவர்கள் நிறைய உண்டு. நெருப்பு பயந்தது எங்கள் தெரு வாளிக்கு மட்டும்தான். அவனுடைய சொந்தப் பேர் அவனுக்கே மறந்திருக்கும். தண்ணீர் வாளி இல்லாமல் அவன் வீட்டைவிட்டு இறங்கி யாரும் பார்த்ததில்லை.

மார்கழியில் கோலத்து விளக்கை அணைப்பான். கோலமும் கூடவே போகும். ஒரு பிறந்தநாளில் குழந்தை மெழுகுவத்தியை ஊதுவதற்குள் ஊற்றிவிட்டான். அந்தக் கேக்கை ஸ்பூனால் குடித்தோம். என் வாயிலிருந்த பீடியை அணைத்த கதை வேண்டாம். அன்றைக்கு எனக்குச் சளி வேறு.

எதிர்வீட்டு மரியக்கா கிறிஸ்துமஸுக்குக் கூடத்தில், இயேசு பிறந்த மாட்டுக்கொட்டகை மாதிரி குடில் கட்டுவாள். பொம்மையெல்லாம் அவளே களிமண்ணில் பிடித்தவை. ஒரு வருஷம் குடில் வைக்கோல் நடுவே மெழுகுவத்தி எரிவதைக் கண்டு வாளி ஊற்ற, இயேசுவின் அப்பா சூசையப்பர் கரைந்து கூடமெல்லாம் ஓடினார்.

"இனிமே வாசப்படி ஏறுன, காலை ஒடிச்சிருவேன்டா!"

வாளி தனிக்கட்டை. வருஷா வருஷம் கிறிஸ்துமஸ் சாப்பாடு அவனுக்கு அந்த வீட்டில்தான். அவள் கைப் பிரியாணிக்கு முதலியார்பேட்டையிலிருந்தெல்லாம் ஆள் வரும். அது போனதில் பயலுக்கு முகமே செத்துவிட்டது.

அடுத்த கிறிஸ்துமஸ், ரெண்டாயிரத்து ஏழோ எட்டோ, மெழுகுவத்திக்குப் பதில் சீரியல் பல்பு. அறுந்த ஒயரைக் கிஃப்ட் சுற்றும் டேப்பால் ஒட்டி, வைக்கோலுக்குள் செருகியிருந்தாள். சாயங்காலம் நாங்கள் கூடத்தில் பிரியாணிக்குக் காத்திருந்தோம். வாளி தெருவில், படிக்குக் கீழே, வாளியோடு நின்றான்.

பட்டென்று பொறி. வைக்கோல் பற்றிக்கொண்டது.

"அக்கா, ஏறலாமா?"

அக்கா அலறினாள்.

"சும்மா கத்தாதக்கா! ஏறலாமா, வேணாமா? சொல்லு!"

"ஏறித் தொலைடா பாவி!"

ஏறினான். ஊற்றுவான் என்று பார்த்தால், வாளியைக் கீழே வைத்துவிட்டு மெயின் சுவிட்சுக்கு ஓடினான்.

"டேய், அங்க எங்கடா போற?" என்று கத்தினேன்.

"கரண்ட்டு இருக்கறப்ப ஊத்துனா நான் மேல போயிருவேன் பெரியவரே!"

அணைத்துவிட்டு வந்துதான் ஊற்றினான். கும்மிருட்டு.

"சூசையப்பரு?" என்றாள் அக்கா.

"கரைஞ்சிட்டாருக்கா."

அவன் மெல்லப் படியிறங்கும் சத்தம் கேட்டது.

"எங்கடா போற? கைய கழுவிக்கினு வந்து குந்து" என்றது அக்காவின் குரல்.

மெயினை மறுபடி போட அவன் விடவில்லை. மெழுகுவத்தி என்று வாய் திறக்க யாருக்கும் தைரியமில்லை. எலும்பு எது, கறி எது என்று தெரியாமல் சாப்பிட்டோம். என் பக்கத்தில் ஈரச்சட்டையோடு ஒருவன் அவசரமே இல்லாமல் மென்றுகொண்டிருந்தான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே நான் இன்னொரு கரண்டி போடச் சொன்னேன்.