ஆனி கடைசி வெள்ளிக்கிழமை வந்த பஸ்

எனக்குக் கையெழுத்து நன்றாக இருக்கும். எங்கள் குடும்பத்துக்கு நேர்ந்த மாபெரும் அவமானத்துக்கு அதுதான் காரணம் என்பதை இத்தனை வருடம் கழித்து ஒப்புக்கொள்கிறேன். கோழிக் கிறுக்கலாக இருந்திருந்தால் நான் மனு எழுதியிருக்க மாட்டேன். மனு எழுதாமல் இருந்திருந்தால் என் அக்காவின் மாமனார் கையில் பழத்தட்டோடு அடையாறில் நின்றிருக்க மாட்டார்.

தொண்ணூறுகளின் நடுவில் எனக்கு இருபத்திரண்டு வயது. பி.காம். முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்தேன். (அதாவது, காலையில் பேப்பர் படித்துவிட்டு மத்தியானம் தூங்கிக்கொண்டிருந்தேன்.) அபிராமபுரத்தில் எங்கள் தெரு வழியாக ஒரு பஸ் போகும். தி.நகரிலிருந்து புறப்பட்டு, ஆழ்வார்ப்பேட்டை வந்து, எங்கள் தெருவுக்குள் நுழைந்து, மந்தைவெளி வழியாக அடையாறு போய்த் திரும்பும். அம்மா தி.நகரில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். காலை ஏழு நாற்பதுக்கு வாசலில் வந்து நிற்கும் அந்த பஸ்ஸில் ஏறி, எட்டேகாலுக்கெல்லாம் பள்ளிக்கூடத்தில் கையெழுத்துப் போட்டுவிடுவார்.

ஒருநாள் கால்வாய் வேலைக்காகத் தெருவைத் தோண்டினார்கள். பஸ்ஸை மெயின் ரோட்டுக்குத் திருப்பினார்கள். வேலை முடிந்தது, பள்ளத்தை மூடினார்கள், தார்கூடப் போட்டார்கள். பஸ் மட்டும் திரும்பி வரவில்லை. போதாததற்கு நேரத்தையும் மாற்றி, ஏழு நாற்பது பஸ்ஸை ஏழு இருபத்தைந்து ஆக்கிவிட்டார்கள். அம்மாவுக்கு முழங்கால் வலி. மெயின் ரோடு வரை நடந்து போய்ச் சேர்வதற்குள் பஸ் போய்விடும். அடுத்த பஸ்ஸைப் பிடித்துப் போனால் வருகைப் பதிவேட்டில் சிவப்பு மை. மூன்று சிவப்பு மைக்கு அரை நாள் லீவு போய்விடும்.

ஒரு சாயங்காலம் அம்மா முழங்காலில் தைலம் தேய்த்துக்கொண்டே, "இன்னும் நாலு வருஷம் இருக்குடா ரிட்டையர் ஆக. இந்தக் கால் அதுவரைக்கும் தாங்காது போல" என்றார். சாதாரணமாகத்தான் சொன்னார். அந்த பஸ்ஸை எங்கள் வாசலுக்குக் கொண்டு வராமல் ஓய்வதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்தேன்.

மனு நான்கு பக்கம் வந்தது. தெருவில் ஒரு வீடு விடாமல் ஏறி இறங்கிக் கையெழுத்து வாங்கினேன். வீட்டில் ஆள் இல்லையென்றால் திரும்பத் திரும்பப் போனேன். கடைசிக் கடைசியில் என்னைத் தூரத்தில் பார்த்தாலே பேனாவை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார்கள். அதைக் கொண்டுபோய் பஸ் அலுவலகத்தில் நேரப் பட்டியல் பார்க்கும் அதிகாரியிடம் கொடுத்தேன். அடுத்த வாரம் போய் நின்றேன். அதற்கு அடுத்த வாரமும் போய் நின்றேன். ஏழாவது முறை என்னைப் பார்த்ததும் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்துவிட்டார்.

"தம்பி, உங்க தெருவுல எல்லாம் தெருவையே வீடா நினைச்சுக்கறீங்க. மணலைக் கொட்டறீங்க, காரை நிறுத்தறீங்க. டிரைவர் எப்படி ஓட்டுவான்?"

"எங்க தெருவுல ஒண்ணும் இருக்காது சார். நான் பொறுப்பு."

"அப்ப எழுதிக் குடு. ஒரே ஒரு டிரிப் விட்டுப் பார்க்கறேன். நானே கூட வருவேன். வண்டி தடையில்லாம போச்சுன்னா மறு திங்கட்கிழமையிலேருந்து பழைய ரூட்டு, பழைய டயம். போகலைன்னா இந்தப் பக்கமே வரக் கூடாது நீ. ஆடி மாசம் பார்க்கலாமா?"

"ஐயோ, ஆடியில வேணாம் சார்" என்றேன். நல்ல காரியத்தை யாராவது ஆடியில் தொடங்குவார்களா? அவர் மேஜை மேலிருந்த காலண்டரை நானே திருப்பி, ஆனி மாதத்தின் கடைசி முகூர்த்த நாளைக் காட்டினேன். வெள்ளிக்கிழமை. பத்தரைக்குத்தான் ராகு காலம். ஒன்பதே காலுக்குத் தெருவுக்குள் நுழைவதாக முடிவானது. அங்கேயே உட்கார்ந்து, என் வாழ்நாளிலேயே அழகான கையெழுத்தில் எழுதிக் கொடுத்தேன்: 'மேற்படி தெருவில் எக்காலத்தும் எவ்விதத் தடையும் இராது என்று இதன் மூலம் உறுதியளிக்கிறேன்.' கீழே கோடு வேறு போட்டேன்.

பத்து நாள் கழித்து அக்காவுக்கு வரன் முடிந்தது. மாப்பிள்ளை வீட்டார் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், தி.நகரில் பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். நிச்சயதார்த்தத்தை ஆடி பிறப்பதற்கு முன் எங்கள் வீட்டில் வைத்துக்கொள்வது என்று பேச்சு. ஆனியில் மிச்சமிருந்தது ஒரே முகூர்த்தம். எது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இதைக் கேட்டு நான் கவலைப்பட்டேன் என்று நினைக்கிறீர்களா? துள்ளிக் குதித்தேன். முதல் டிரிப்பில் சம்பந்தி வீட்டாரே வந்து எங்கள் வாசலில் இறங்கினால் எப்படி இருக்கும்! உடனே பக்கத்து வீட்டுக்குப் போய், அங்கிருந்து மாப்பிள்ளையின் அப்பாவுக்கு போன் செய்தேன்.

"வேனுக்குச் சொல்லிட்டோமே தம்பி."

"வேனை கேன்சல் பண்ணிடுங்க மாமா. பஸ் எங்க வாசல்லயே வந்து நிக்கும். நானே தி.நகர் வந்து ஏத்தி விடறேன்."

"வாசல்லயா? அப்படின்னா சரி" என்றார். நல்ல மனிதர். மறுபேச்சுப் பேசாமல் வேனை வேண்டாமென்று சொல்லிவிட்டார்.

அந்த வாரம் முழுக்க நான் தெருவைச் சுத்தம் செய்தேன். கோடி வீட்டு மணலை இரண்டு ஆள் வைத்து உள்ளே தள்ளினேன். எதிர் வீட்டு வாசலில் வருடக்கணக்காக ஓடாமல் நின்ற காரைத் தள்ளிக்கொண்டு போய்ச் சந்தில் விட்டேன். மிஞ்சியது இஸ்திரி போடும் வரதன். வேப்பமரத்தடியில் அவன் வண்டி நான் பிறப்பதற்கு முன்பிருந்தே நிற்கிறது.

"இன்னா நைனா, எங்கப்பா காலத்துலேந்து இங்கதான் கீது வண்டி. என்னாண்ட வந்து எடுன்றியே" என்று அலுத்துக்கொண்டான்.

"ஒரே ஒரு நாள் வரதா. அம்மா காலுக்காக" என்றேன். அம்மா பெயரைச் சொன்னதும் அவன் வண்டியைத் தள்ளிக்கொண்டு போனான்.

இடையில் அப்பா, "நிச்சயத்துக்குப் பந்தல்காரன்கிட்ட சொல்லிட்டு வாடா" என்றார். போனேன். பந்தல்காரர், "வூட்டு வாசலுக்கு மட்டுமா, தெரு அடைச்சுப் போடணுமா?" என்று கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "எங்க அக்கா நிச்சயதார்த்தம். தெரு அடைச்சே போடுங்க!" என்றேன்.

(சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு உறைக்கவே இல்லை. மணல் தடை, கார் தடை, இஸ்திரி வண்டி தடை. பந்தல் எப்படித் தடையாகும்? அது விசேஷம் அல்லவா?)

வெள்ளிக்கிழமை ஏழு மணிக்கே நான் தி.நகர் கிளம்பிவிட்டேன். அப்போது தெருவில் ஈ காக்கை இல்லை. சம்பந்தி வீட்டார் பதின்மூன்று பேர், தட்டுகளும் பதின்மூன்று. பழம், தேங்காய், புடவை, கற்கண்டு என்று எல்லாவற்றையும் கூட்டம் நிறைந்த பஸ்ஸில் ஏற்றி, பின்பக்கம் இடம் பிடித்து உட்கார வைத்தேன். அதிகாரி டிரைவருக்குப் பக்கத்தில் அட்டையும் பேனாவுமாக நின்றிருந்தார். நான் அவருக்குப் பின்னால் போய், ஏதோ நானே பஸ்ஸை ஓட்டுவதுபோல் நின்றுகொண்டேன். ஆழ்வார்ப்பேட்டை தாண்டியதும், "பாருங்க சார், எப்படி இருக்கு தெருன்னு நீங்களே பாருங்க" என்றேன்.

பஸ் திரும்பியது. அதிகாரி பார்த்தார். நானும் பார்த்தேன்.

தெருவின் இந்தக் கோடியிலிருந்து பாதி தூரத்துக்கு, இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாக, சிவப்பும் மஞ்சளுமாகச் சாமியானா. முகப்பில் இரண்டு வாழைமரம், குலையோடு. உள்ளே வரிசையாக இரும்பு நாற்காலிகள். நடுவில் அப்பா பட்டு வேட்டியில், சந்தனக் கிண்ணத்தோடு பஸ்ஸைப் பார்த்துக் கைகூப்பினார்.

அதிகாரி சட்டைப்பையிலிருந்து ஒரு காகிதத்தை எடுத்துப் பிரித்தார். "எக்காலத்தும் எவ்விதத் தடையும் இராது. இது உன் கையெழுத்துதானே?"

"அஞ்சு நிமிஷம் சார்!" என்று கத்தினேன். எனக்குள் இருந்த வைராக்கியம் அப்போதுதான் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. கீழே குதிப்பதற்கு முன் பின்பக்கம் திரும்பி, "மாமா, யாரும் இறங்காதீங்க! வாசல்லயே வந்து நிக்கும்!" என்று ஆணையிட்டேன். இறங்கி நடந்தால் எங்கள் வீடு எண்பது அடி.

ஓடிப்போய் முதல் கயிற்றை அவிழ்த்தேன். அப்பா, "டேய், என்னடா பண்றே?" என்று அலறினார். அக்கா சமையலறை ஜன்னலில் பாதிப் பின்னலோடு நின்றாள். வரதன் எங்கிருந்தோ வந்து என் பக்கத்தில் நின்று பந்தலை அண்ணாந்து பார்த்தான்.

"என் வண்டிய மட்டும் எட்த்துட்டு போவ சொன்னியே நைனா. இது இன்னாது?"

ஆனாலும் அவன்தான் மறு கயிற்றை அவிழ்த்தான். இரண்டு பேருமாகப் பந்தல் கால்களைப் பிடுங்கினோம். துணி எங்கள் தலையில் விழுந்தது. வாழைமரம் சந்தனக் கிண்ணத்தின் மேல் சாய்ந்தது. நான் துணிக்கடியில் தவழ்ந்து நாற்காலிகளைத் தள்ளித் தள்ளி, வியர்வையும் புழுதியுமாக வெளியே வந்து, இரண்டு கையையும் விரித்து, "இப்ப வரலாம்!" என்று கூவினேன்.

தெரு பளிச்சென்று காலியாக இருந்தது. தெருமுனையும் காலியாக இருந்தது. பஸ்ஸைக் காணோம்.

அம்மா வாசற்படியில் பட்டுப் புடவையில் நின்றிருந்தார். "அஞ்சு நிமிஷம் ஆனதும் பின்னாடியே எடுத்துட்டுப் போயிட்டாங்கடா" என்றார் மெதுவாக. பிறகு, "அவங்களையும் சேர்த்து" என்றார்.

வரதனின் சைக்கிளைப் பிடுங்கிக்கொண்டு மிதித்தேன். மந்தைவெளியில் பார்த்தேன், இல்லை. பாலத்தைத் தாண்டி அடையாறு போனேன். பஸ் நிழற்குடையில் பதின்மூன்று பேரும் வரிசையாக நின்றார்கள். ஆளுக்கொரு தட்டு கையில். ஒரு தட்டுகூடக் குறையவில்லை. சுற்றி ஒரு கூட்டம், எந்தக் கோயிலுக்குச் சீர் போகிறது என்று விசாரித்துக்கொண்டிருந்தது.

மாப்பிள்ளையின் அப்பா என்னை மேலும் கீழும் பார்த்தார். "தம்பி, இறங்காதீங்கன்னு சொன்னிய, இறங்கல. பஸ்ஸு பின்னால போகவும், சுத்தி அந்தப் பக்கமா உங்க வாசலுக்கு வருதுன்னு நெனச்சோம். கடைசி ஸ்டாப்புன்னு கண்டக்டர் இறக்கி விட்டுட்டார். உங்க வாசல் இங்க எங்க இருக்கு?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நடுரோட்டில் பாய்ந்து நான்கு ஆட்டோக்களை மறித்தேன். பத்து இருபதுக்கு வீடு வந்து சேர்ந்தோம். கூடத்தில் அத்தனை பேரும் கொள்ளவில்லை. பந்தலும் இல்லை. நடுத்தெருவில், மொட்டை வெயிலில், பத்து இருபத்தேழுக்குத் தட்டு மாற்றினார்கள். புரோகிதர் ஒரு கண்ணால் கடிகாரத்தையும் ஒரு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டே மந்திரம் சொன்னார்.

சம்பந்தம் நின்றுவிடும் என்று பயந்துகொண்டிருந்தேன். நிற்கவில்லை. "சொன்ன சொல்லுக்காகப் பந்தலையே பிரிச்சுட்டான் பய. இந்த வீட்டுல பொண்ணு எடுக்கலாம்" என்றாராம் மாப்பிள்ளையின் அப்பா. ஆனால் அந்த பஸ் எங்கள் தெருவுக்குள் அதன் பிறகு வரவே இல்லை.

அன்று சாயங்காலம் அம்மா பட்டுப் புடவையை மடித்து வைத்துவிட்டு, திங்கட்கிழமைக்கான பையை எடுத்து வைத்தார். ஒரு வார்த்தை என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்ததை மட்டும் பார்த்தேன்.

திங்கட்கிழமை காலை ஏழு பத்துக்கு அப்பாவின் பழைய சைக்கிளைத் துடைத்து, கேரியரில் தலையணையைக் கட்டி, வாசலில் நிறுத்தினேன். "ஏறும்மா" என்றேன்.

"போடா, தெருவே சிரிக்கும்" என்றார் அம்மா.

"ஏற்கெனவே சிரிச்சு முடிச்சாச்சு. ஏறு."

அம்மா சைக்கிளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு பக்கவாட்டில் ஏறி உட்கார்ந்து, கண்டக்டர் மாதிரி, "ரைட்!" என்றார். மெயின் ரோடு வந்ததும், "ஹோல்டான்!" அதன் பிறகு எனக்கு வேலை கிடைத்தது, சைக்கிள் போய் மொபெட் வந்தது. ஏழு பத்து மட்டும் மாறவில்லை. மழையிலும் போனோம், என் கல்யாணத்துக்கு மறுநாளும் போனோம். அந்த நான்கு வருடத்தில் பதிவேட்டில் ஒரு சிவப்பு மை கிடையாது.

இன்றைக்கும் எங்கள் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும் அத்தான் முதலில் எனக்குத்தான் போன் செய்வார். "மாப்ளே, பந்தல் போடலாமா? இல்ல, பஸ் ஏதும் வருதா?" பேரன் பேத்திகள்வரை எல்லோருக்கும் கதை மனப்பாடம். ஒவ்வொரு முறையும் நான் அவிழ்த்த கயிறுகளின் எண்ணிக்கை ஏறிக்கொண்டே போகிறது.

அம்மாவுக்கு இப்போது எண்பது தாண்டிவிட்டது. மாதம் ஒருமுறை டாக்டரிடம் காரில் கூட்டிப் போகிறேன். பின் சீட்டில் ஏறி, புடவைத் தலைப்பை இழுத்து விட்டுக்கொண்டு, முன் சீட்டின் முதுகில் இரண்டு தட்டுத் தட்டி, "ரைட்" என்பார். அவர் சொல்லாமல் நான் வண்டியை எடுப்பதில்லை.