சகலைக்குக் கிடைத்த நிரந்தர வேலை

ஓட்டுப் போடுவதைத் தீர்மானிப்பது கொள்கைதான் என்று யாராவது சொன்னால், அவருக்குச் சகலை கிடையாது என்று அர்த்தம். எனக்கு இருக்கிறார். பெயர் தணிகாசலம், என் மனைவி செல்வியின் அக்கா கணவர். ஆவடியில் நிரந்தர வேலை, குவார்ட்டர்ஸ், போனஸ். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் காண்ட்ராக்ட். தேர்தலன்று அவருக்குச் சம்பளத்தோடு லீவு. (சட்டப்படி எனக்கும்தான். அதை எங்கள் காண்ட்ராக்டரிடம் யாராவது சொன்னால் தேவலை.) சகலை எந்தச் சின்னத்தைப் புகழ்கிறாரோ அதற்குப் போடக் கூடாது. இதுதான் என் அரசியல்.

போன தேர்தலுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மேனாம்பேட்டில் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்திருந்தார். "இன்னா சகலை, இன்னும் காண்ட்ராக்ட்தானா?" என்று கேட்டுக்கொண்டே இன்னொரு வடையை எடுத்தார். எனக்கு வயிறு பற்றி எரிந்தது. அந்த நேரம் பார்த்து வேட்பாளரின் வேன் தெருவுக்குள் நுழைந்தது. எங்கள் தெருவில் பாதிப் பேர் காண்ட்ராக்ட். எங்களை நிரந்தரமாக்கச் சொல்லிக் கேட்பது என்று முன்பே பேசிவைத்து, பேசும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார்கள். (பள்ளிப் பேச்சுப்போட்டியில் ஆறுதல் பரிசு வாங்கியவன் ஆயிற்றே!)

மைக் கைக்கு வந்தது. "ஐயா, ஒரே வேலை செய்றவங்க எல்லாரும் ஒண்ணுதான்!" என்றேன். ஒரே கைதட்டல். பெருமையோடு எங்கள் வாசலைப் பார்த்தேன். சகலை வடையை மென்றபடி, பாவம் பிழைத்துப் போகட்டும் என்கிற மாதிரி தலையாட்டினார். அவ்வளவுதான், எனக்குப் புத்தி கெட்டுவிட்டது.

"அதனால பர்மனென்ட்டா கீறவங்க எல்லாரையும் காண்ட்ராக்ட்டுல போடுங்க! நாங்க படுறத அவங்களும் படட்டும்!"

தட்டிய கைகள் எல்லாம் இறங்கிவிட்டன. வேட்பாளரின் முகம் மட்டும் மலர்ந்தது. இவ்வளவு சுலபமான கோரிக்கையை அவரிடம் யாரும் வைத்ததில்லை போலிருக்கிறது. "கண்டிப்பா செய்றேன் தம்பி!" என்று கும்பிட்டார். வேன் நகர்ந்துவிட்டது.

"மாமே, நமக்கு இன்னாடா கேட்டே?" என்று பக்கத்து வீட்டு பாபு என் சட்டையைப் பிடித்தான்.

"ஊரே மைக்கைக் குட்த்துச்சே, நம்ம ஊட்டுக்குன்னு ஒண்ணு கேக்கத் தோணுச்சாய்யா உனுக்கு?" என்றாள் செல்வி. அவள் கண் கலங்கியிருந்தது.

அந்த வேட்பாளர் ஜெயித்தார். நான் இன்னும் காண்ட்ராக்ட், சகலை இன்னும் பர்மனென்ட். (கொடுத்த அந்த ஒரு வாக்கையும் அவர் காப்பாற்றவில்லை என்பதில் எனக்கு இன்றைக்கும் வருத்தம்தான்.)

இப்போதும் விசேஷ வீட்டுப் பந்தியில் சகலையும் நானும் உட்கார்ந்து, என் இலைக்கு வடை வந்தால், செல்வி பரிமாறும் அக்காவின் கையைத் தடுத்துவிடுவாள்.

"இவருக்கு வேணாங்கா. மாமா எலையில கீறத எட்த்துடு, இவருக்கு வயிறு ரொம்பிடும்."