வாப்பா கட்டிய சுவரும் குடிபெயர்ந்த விராலும்

மாவடிப்பள்ளி
18.02.1981

அன்புள்ள மாமாவுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும். ஜித்தாவில் நீங்கள் நலமாயிருக்கத் துஆச் செய்துகொண்டு, இங்கே நலமில்லாத ஒரு சுவரைப் பற்றி எழுதுகிறேன்.

கலியாணத்தோடு இந்த வீடு எனக்கு எழுதப்படுகிறதல்லவா? மாப்பிள்ளை இங்கேதான் வந்து குடியிருக்கப் போகிறார். வளவின் பின்னால் காடு கிடந்தால் மாப்பிள்ளை வீட்டு நிந்தவூரார் என்ன நினைப்பார்கள் என்று, குளக்கரையில் நின்ற பன்புல்லையும் நாணலையும் வேரோடு பிடுங்கி, தண்ணீருக்குள் நேராக இறங்கும் கருங்கல் சுவரை வாப்பா கட்டிவிட்டார். பார்க்க வடிவுதான். ஆனால் அதற்கு முன்பே சம்பந்தி வீட்டில் வாய் விட்டிருந்தார்: "மாப்பிள்ளைக்கு விரால் விருப்பமாமே. எங்கட கரைக்கு வாங்க, கையால அள்ளித் தாறன்." வெள்ளிக்கிழமை அவர்கள் சாப்பிட வருகிறார்கள். வாப்பா சுவரில் ஏறியிருந்து தவளை குத்தித் தூண்டில் போட்டார், வலை எறிந்தார், ஓதியும் பார்த்தார். கிடைத்தது சுவர் கட்டிய மேசன் தவறவிட்ட ஒற்றைச் செருப்பு. உம்மா அதைக் கழுவி வைத்துவிட்டு, "இதுக்குப் புளி எவ்வளவு கரைக்க?" என்று கேட்டா.

வேலிக்கு அங்கால் சின்னப்போடியார் தன் கரையைத் தொடவேயில்லை. அங்கே நாணலுக்குள் தண்ணீர் எந்நேரமும் சளசளக்கிறது. நேற்று வேலிக்கு மேலால் வாப்பாவைக் கூப்பிட்டார்:

"காக்கா, உங்கட மீனெல்லாம் என்ட கரைக்குக் குடிவந்திட்டு. வாடகை வாங்கட்டா?"

"சும்மா இரிங்க போடியார். சுவருக்குப் பழகினா வரும்."

"மீன் பழகிறத்துக்குள்ள நீங்க பேரப்புள்ளை கண்டிருவீங்க."

நான் வேலிப் பொட்டுக்குள் கண்ணை வைத்துப் பார்த்தேன் மாமா. நாணல் இடுக்கில் சிவப்புத் துணி மிதப்பதுபோல விரால் குஞ்சுகள். கீழே தாயும் தகப்பனும் காவல். கொக்கு ஒன்று கால் வைத்ததும் கூட்டம் முழுவதும் தண்டுகளுக்குள் மறைந்துவிட்டது. கண்ட சந்தோஷத்தில் அன்று சோற்றை அடிப்பிடிக்க விட்டேன். எங்கள் சுவரில் ஒரு குஞ்சு ஒளிய எங்கே இடம்? குப்பை என்று நாங்கள் பிடுங்கியது அவற்றின் வீடு. அதுவும் பெண்ணுக்குக் கொடுத்த வீடாகத்தான் இருக்கும்.

சுவரில் பாதியையாவது உடைத்து, கரையைச் சரிவாக்கி, நாணல் நட வேண்டும். சின்னப்போடியார் கரை இருக்கும்வரை பயமில்லை. அங்கிருந்து மீன் திரும்பி வந்துவிடும். வீடு எனக்கென்றாலும், மணப்பெண் சுவரை உடைக்கச் சொல்ல முடியுமா? உம்மாவுக்கு மூத்த காக்கா நீங்கள். உங்கள் சொல்லை வாப்பா தட்டமாட்டார். உடனே அவருக்கு எழுதுங்கள்.

உம்மா ஸலாம் சொல்லச் சொன்னா. வாப்பாவும்தான், சுவரைப் பற்றி எழுதுவது அவருக்குத் தெரியாது. அல்லாஹ் உங்கள் உழைப்பில் பறக்கத்தைத் தரட்டும்.

மருமகள்
றம்ஸியா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் வெள்ளிக்கிழமை விருந்தும் முடிந்துவிட்டது. விரால் சின்னப்போடியார் தந்தது. மாப்பிள்ளையின் உம்மா சாப்பிட்டுவிட்டுச் சுவரைத் தடவிப் பார்த்து, "இதெல்லுவா கரை. அங்கால கிடக்கிற காட்டைப் பாருங்களன்" என்றா. வேலியடியில் நின்ற சின்னப்போடியாருக்கு அது கேட்டுவிட்டது. அவருடைய மகள் கனகேஸ்வரிக்கும் சம்பந்தம் பேசுகிறார்கள். அந்த வீடும் அவளுக்குத்தானே. நாளைக்கு எங்கள் மேசன் அங்கே சுவர் கட்டப் போகிறார். ஆளைப் பிடித்துக் கொடுத்ததே வாப்பாதான். வாப்பாவுக்கு எழுதுவதை விடுங்கள் மாமா. சின்னப்போடியாருக்குத் தந்தி அடியுங்கள்.