செவலைக்கு என்ன குறை?

"பால்ல தண்ணி ஊத்தினீங்களா, டிரைவரே?"

பால் நிலையத்தில் கேனை வாங்குகிறவர் மெதுவாகத்தான் கேட்டார். ஆனால் வரிசையில் நின்ற அத்தனை பேரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"தண்ணியா? நானா?"

"கொழுப்பு, அதான் ஃபேட், மூணு சதவீதம்கூட வரலையே. போன மாசம் நாலரை இருந்தது. இப்படியே போனா உங்க பாலை எடுக்க மாட்டோம்."

லாரி ஓட்டுவதை விட்டுவிட்டு அந்த ஒரு மாட்டை நம்பி உட்கார்ந்தவர் டிரைவர். மாட்டுக்குச் செவலை என்று பெயர். திருட்டுப் பட்டம் வாங்கிய கையோடு நேரே கால்நடை மருத்துவரிடம் போய் நின்றார்.

"தீவனம் என்ன வைக்கறீங்க?"

"கோதுமைதான் சார். நல்லா நைசா அரைச்சு."

"அதான் விஷயம். கோதுமை உள்ள போன வேகத்துல வயிறு புளிச்சிடும், ஃபேட் இறங்கும். மக்காச்சோளத்தை ஒண்ணு ரெண்டா உடைச்சுப் போடுங்க, நிதானமா செரிக்கும். வைக்கோலையும் கொஞ்சம் கூட்டுங்க."

'கொஞ்சம்' மட்டும் டிரைவர் காதில் விழவில்லை. தொட்டி நிறைய வைக்கோல், அதன்மேல் பேருக்கு ஒரு கைப்பிடி சோளம். செவலை தின்றது. பால் பாதியாகிப்போனது. ஃபேட் ஏறவில்லை.

"தானியத்தைக் குறைச்சா பாலுக்கு சத்து எங்கேருந்துய்யா வரும்?" என்று போனில் கத்தினார் மருத்துவர்.

உடனே தானியத்தை இரண்டு மடங்காக்கினார் டிரைவர். சோளம் தீர்ந்த இடத்தில் கோதுமையைக் கொட்டினார். செவலைக்கு வயிறு கழிய ஆரம்பித்தது. தொழுவத்தைக் கழுவியே மனைவிக்கு இடுப்பு ஒடிந்தது.

"எனக்கு வயித்து வலின்னப்ப வெந்நீர் குடின்னீங்க. மாட்டு வயித்துக்கு மட்டும் டாக்டர், ஆராய்ச்சி!"

"உனக்கு யாரு ஃபேட் பாக்கறாங்க?" என்று சொல்ல வாயெடுத்தவர், அவள் கையிலிருந்த துடைப்பத்தைப் பார்த்ததும் அப்படியே விழுங்கிவிட்டார்.

செவலை வைக்கோலை ஒதுக்கிவிட்டுத் தானியத்தை மட்டும் பொறுக்குவதைக் கண்டுபிடித்தார் அடுத்து. வைக்கோலைப் பொடிப்பொடியாக வெட்டிக் கலந்து ஏமாற்றினார். செவலை ஏமாந்தது. அப்படியே விழுங்கியது, அசைபோடுவதையே விட்டுவிட்டது.

மருத்துவர் நேரில் வந்து தலையில் அடித்துக்கொண்டார். "அசை போட்டாத்தான் எச்சில் ஊறும். எச்சில் ஊறினாத்தான் புளிப்பு அடங்கும்! நகருங்க, நானே கலக்கறேன்."

அளவாகச் சோளமும் நீளமான வைக்கோலுமாக அவரே கலந்தார். அதே அளவில் தொடர்ந்ததும் கழிச்சல் நின்றது. செவலை கண்ணை மூடி அசைபோட்டது. பாலும் பழையபடி ஏறியது. ஃபேட் மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

"எனக்கும் புரியலை" என்று பையை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார் மருத்துவர்.

நாளையிலிருந்து பால் வேண்டாம் என்று நிலையத்தில் சொல்லிவிட்டார்கள். மறுநாள் காலை மாட்டுத் தரகர் கயிற்றோடு வந்து நின்றார். டிரைவர் செவலையின் நெற்றியைத் தடவியபடி நின்றார். மனைவி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

தொழுவத்திலிருந்து பதறிக்கொண்டு வெளியே வந்தார் மாமனார். டிரைவருக்கு மணிக்கட்டு சுளுக்கியதிலிருந்து மகள் வீட்டில் வந்து தங்கி, இரண்டு வேளையும் கறந்து கொடுப்பவர் அவர்தான்.

"அவசரப்பட்டு வித்துடாதீங்க மாப்பிள்ளை! மொதல்ல வர்ற பாலுதான் தண்ணி மாதிரி. கடைசியா வர்ற ஒரு சொம்பு, அப்படியே வெண்ணெய்! வந்த நாள்லேருந்து அதை மட்டும் தனியா கறந்து குடிக்கிறேன், என் உடம்பு எப்படித் தேறிடுச்சு பாருங்க!"