வீட்டோடு வந்து இறங்கினேன்

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மறதி வேறு. இதை எழுத உட்கார்ந்த நாளிலிருந்து அடுப்பில் பருப்பு வைத்ததை மறந்து, இரண்டு நாளாகக் கருகின பருப்புதான் எங்கள் வீட்டில் குழம்பு. முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

என் கதை முழுவதற்கும் காரணம் என் வெட்கம். எங்கள் ஊர் அரூரிலிருந்து தீர்த்தமலை போகும் வழியில் உள்ளே தள்ளி இருக்கிறது. பஸ்ஸில் "நிறுத்துங்க" என்று கேட்க எனக்கு வாய் வராது. ஊர்க்காரர் யாராவது இறங்கினால் பின்னாலேயே இறங்கிவிடுவேன். ஒருநாள் யாரும் இறங்கவில்லை. தீர்த்தமலை வரைக்கும் போய், வந்ததற்கு மலையேறிச் சாமி கும்பிட்டுவிட்டுத் திரும்பினேன். வீட்டில் கேட்டதற்கு, வேண்டுதல் என்று சொல்லிவிட்டேன். (அப்படி ரெண்டு வேண்டுதல் இருக்குது.)

ஓர் ஐப்பசி மழையில் எங்கள் பழைய ஓட்டு வீட்டின் மண்சுவர் உட்கார்ந்துவிட்டது. நானும் என் வீட்டுக்காரரும் அதே தெருவில் இருந்த அவருடைய அண்ணன் வீட்டுக்குப் போனோம். அண்ணன் அப்போது உயிரோடு இல்லை. அவர் மனைவி பழனியம்மா அக்காதான் அந்த வீட்டை ஆண்டு வந்தாள். மாட்டுக்கொட்டகையை ஒட்டிய அறையை எங்களுக்கு ஒழித்துக் கொடுத்தாள். "ஒரு ரெண்டு மாசந்தான்க்கா" என்றேன்.

கொத்தனார் கார்த்திகையில் வேலையை ஆரம்பித்தார். ஒருநாள் அவர் வந்தால் மணல் வராது. மணல் வந்தால் மழை வரும். இரண்டும் ஒழுங்காக இருந்த அன்றைக்கு அவருடைய பெரியம்மா செத்துப்போவார். அவருக்கு எத்தனை பெரியம்மா என்று எங்களுக்குத் தெரியாது. அந்த மழைக்காலத்திலேயே மூன்று பேர் போய்விட்டார்கள். தெருவில் கொட்டிய மணலில் ஊர்நாய்கள் எல்லாம் குட்டி போட்டன. சிமெண்டு மூட்டை இரண்டு நனைந்து கல்லாகிவிட்டது. (அதுல ஒண்ணுலதான் நான் இன்னைக்கும் துணி தொவைக்கிறேன். நல்ல கல்லு.) தை பிறந்தபோது எங்கள் சுவர் முழங்கால் உயரம் இருந்தது.

அப்போதுதான் பழனியம்மா அக்கா யாரிடமோ வாசலில் சொல்லிக்கொண்டிருந்தாள்:

"எம் பொடலங்கொடிகூட பந்தல் ஏறிப் பிஞ்சு வுட்டுருச்சு. இவங்க செவுரு இன்னும் முழங்கால் தாண்டல."

அவள் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை. அதனால்தான் எனக்கு அவ்வளவு கோபம் வந்தது. அன்றோடு பேச்சை நிறுத்தினேன். எப்போதும் பேசாதவள் பேச்சை நிறுத்தினால் ஊருக்கு எப்படித் தெரியும்? பழனியம்மா அக்காவுக்கு மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு என்னிடம் சொல்ல வேண்டியதையெல்லாம் அவள் தன் மாட்டிடம் சொல்ல ஆரம்பித்தாள்.

"ஏ லட்சுமி, தண்ணித்தொட்டிய மூடி வெக்கோணும்னு சிலருக்குத் தெரியாதா?"

நான் மாட்டுக்குக்கூடப் பதில் சொல்ல மாட்டேன். வாளியைக் கொஞ்சம் சத்தமாக வைப்பேன். என்னால் ஆன சண்டை அவ்வளவுதான்.

பொங்கலுக்கு வந்த மருமகன், என் மகள் செல்வியின் வீட்டுக்காரர், ஓசூரில் வேலை பார்க்கிறவர். எங்கள் முழங்கால் சுவரைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "மாமா, வூட்டை இங்க கட்ட வேணாங்க. பாக்டரில செஞ்சு லாரியில கொண்டாந்து வெச்சிரலாம்" என்றார். என் வீட்டுக்காரர் அண்ணாந்து வெயிலைப் பார்த்தார். "மாப்ள, வெயில்ல வந்தீங்களா?" என்றார்.

ஆனாலும் ஓசூர்ப் பக்கம் போய்ப் பார்த்தோம். பெரிய கொட்டகைக்குள் வீடுகள் டெப்போவில் பஸ் நிற்பது மாதிரி வரிசையாக நின்றன. இரும்புச் சட்டம், அதற்கு இரண்டு பக்கமும் பலகை, நடுவில் சூடு இறங்காமல் இருக்கப் பஞ்சு மாதிரி ஏதோ ஒன்று. வயரும் குழாயும் முதலிலேயே சுவருக்குள் போய்விடுகிறது. நம் ஊரில் சுவரைக் கட்டிப் பூசி, பிறகு அதையே கொத்தி வயர் இழுப்பார்களே, அந்தக் கூத்து இல்லை. வெளியே மழை பெய்தாலும் உள்ளே வேலை நடக்கிறது. அவர்கள் அங்கே வீட்டைச் செய்யும்போதே நாம் இங்கே அடித்தளம் போட்டுவிடலாமாம். முக்கியமாக, அங்கே யாருடைய பெரியம்மாவும் சாகிற மாதிரித் தெரியவில்லை.

என் வீட்டுக்காரர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"இது எந்தத் தெசை பாத்த வாசலுங்க?"

"நீங்க எப்படித் திருப்பி வெக்கறீங்களோ அப்படிங்க" என்றார் அங்கிருந்தவர்.

பஸ்ஸில் திரும்பினோம். அரூர் வந்த பிறகு, "வாசலைக் கேட்டா எவனும் இப்படி ஒரு பதிலு சொன்னதில்ல புள்ள" என்றார். அந்தப் பதிலுக்காகவே அவர் சம்மதித்துவிட்டார் என்று நினைக்கிறேன்.

செய்தி தெரிந்ததும் பழனியம்மா அக்கா மாட்டிடம், "லட்சுமி, கேட்டியா சேதிய. அட்டப்பொட்டியில வூடு வருதாம். காத்தடிச்சா புடிச்சுக்கோ" என்றாள்.

வைகாசி கடைசி முகூர்த்தத்தில் பால் காய்ச்சுவதாக முடிவானது. காலை ஏழரைக்குள் பால் பொங்கியாக வேண்டும். அதை விட்டால் ஆனியும் ஆடியும் ஆகாது. ஆவணி வரைக்கும் மாட்டுக்கொட்டகைதான், லட்சுமியிடம் திட்டு வாங்குவதுதான். எனக்கு வேறு எந்த ஆசையும் இல்லை. அந்த ஏழரைக்குள் என் அடுப்பில் என் பால் பொங்க வேண்டும்.

வீடு இரண்டு பாதியாக இரண்டு பெரிய லாரியில் வந்தது. வந்தது என்றால், ஒரு பாதி வந்தது. படுக்கை அறையும் குளியலறையும் இருந்த பாதி வழி தவறிப் போய், பொம்மிடிப் பக்கம் ஒரு ரயில் பாலத்துக்கு அடியில் நுழைய முடியாமல் நின்றுவிட்டது. வந்த பாதியில் கூடமும் சமையலறையும் இருந்தன. ஒரு பக்கம் சுவர் இல்லாமல் நீலத் தார்ப்பாய் கட்டியிருந்தது. அந்தப் பாதியும் எங்கள் தெருவுக்குள் வந்து, குறுக்கே தாழத் தொங்கிய கரண்டு கம்பிக்கு முன்னால் நின்றது. நின்ற இடம் எது என்று நினைக்கிறீர்கள்? சமையலறை ஜன்னல் நேராகப் பழனியம்மா அக்காவின் வாசலைப் பார்த்தது.

லைன்மேன் வர வேண்டும். மணி ஆறே முக்கால். கிரேன் வந்து இறக்கி வைப்பதற்குள் ஏழரை தாண்டிவிடும். மருமகன் போனில் பொம்மிடிப் பாதியோடு பேசிக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் லாரியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார்.

"ஏ புள்ள, வூடு வந்துருச்சா?"

"பாதி வந்துருக்குதுங்க."

"சமையக்கட்டு இருக்குதா?"

"இருக்குதுங்க."

"அப்பறமென்ன. ஏறி பால வை."

ஏணி போட்டார்கள். ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. தெருவுக்கு வரும் மினி பஸ் பின்னால் நின்றுபோனதால், அதில் இருந்தவர்களும் இறங்கிப் பார்த்தார்கள். ஆள் உயரத்துக்கு மேல் அந்தரத்தில் இருந்த வாசலில், வலது காலை எடுத்து வைத்து நான் என் வீட்டுக்குள் போனேன். நிறைகுடம், உப்பு, மஞ்சள், விளக்கு, சின்ன சிலிண்டர் அடுப்பு எல்லாவற்றையும் செல்வி கீழிருந்து எடுத்துக் கொடுத்தாள். அத்தனை பேரும் அண்ணாந்து என்னையே பார்ப்பது எனக்குப் பொறுக்கவில்லை. "பொங்கும்போது கூப்பிடறேன், எல்லாரும் ஏறி வாங்க" என்று செல்வியிடம் மெதுவாகச் சொல்லிவிட்டுக் கதவைச் சாத்தினேன். புதுக்கதவு டொக்கென்று பூட்டிக்கொண்டது. எப்படித் திறப்பது என்று தெரியவில்லை. பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விளக்கேற்றி, பாலை அடுப்பில் வைத்தேன்.

அந்த நேரம் பார்த்து லைன்மேன் வந்து கம்பியை மூங்கிலால் தூக்கிப் பிடித்திருக்கிறார். டிரைவர் ஓசூர்ப் பக்கத்து ஆள். கம்பியைத் தூக்க யாரோ ஏணியை எடுத்துப்போனதைப் பார்த்தவர், எல்லாரும் இறங்கியாயிற்று என்று நினைத்து இரண்டு ஹாரன் அடித்திருக்கிறார். நான் அதை மினி பஸ் என்று நினைத்தேன்.

வீடு நகர்ந்தது.

முதலில் எனக்குத் தலை சுற்றுகிறது என்றுதான் நினைத்தேன். காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. பிறகு ஜன்னலுக்கு வெளியே பழனியம்மா அக்காவின் வாசல் மெதுவாகப் பின்னால் போனது. வாசலில் கையில் விளக்குமாறோடு அவள் நின்றாள். நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். கத்த வேண்டும் என்று எனக்குத் தெரிகிறது. வாய் திறக்கிறது. சத்தம் வரவில்லை. வந்தது ஒரே வார்த்தைதான். அதுவும் வந்ததா என்று இன்றைக்கும் சந்தேகம்.

அடுப்பை அணைத்திருக்க வேண்டும். புத்தி உள்ளவள் அதைத்தான் செய்வாள். ஆனால் பொங்குவதற்கு முன்னால் பாலை இறக்கலாமா? அதனால் அடுப்போடு தூக்கி, பாத்திரம் கழுவும் தொட்டிக்குள் வைத்து, முந்தானையால் பானையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். லாரி ஒரு குலுக்கல் போட்டது. பால் கிழக்கே வழிந்தது. பிரேக் போட்டார், மேற்கே வழிந்தது. பள்ளத்தில் சக்கரம் இறங்கி ஏறியபோது வடக்கும் தெற்கும் ஆயிற்று. தெருவில் நின்ற ஒரு பெரியவர், ஜன்னலில் விளக்கு வெளிச்சத்தில் அசைந்து அசைந்து வரும் என்னைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு கும்பிட்டார். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. மரியாதைக்கு ஒரு கையால் நானும் கும்பிட்டேன்.

மற்றவர்கள் அண்ணாந்து கம்பியையே பார்த்துக்கொண்டிருக்க, நடந்ததைப் புரிந்துகொண்டது ஒரே ஆள்தான். பழனியம்மா அக்கா விளக்குமாறோடு லாரியை முந்தி ஓடி, கையை விரித்து நடுத்தெருவில் நின்றாள்.

"நிறுத்துறா."

"அம்மா, சொல்ப தள்ளிக்கங்க. வூடு வருது" என்றார் டிரைவர், பாதிக் கன்னடத்தில்.

"வூடு வர்றது எனக்குத் தெரியுதுடா. அந்த வூட்டுக்குள்ள எங்க வூட்டுப் பொம்பள நிக்கறா."

லாரி நின்றது. அவள் ஏணிக்குக்கூடக் காத்திருக்கவில்லை. தார்ப்பாயை விலக்கிக்கொண்டு சக்கரத்தில் கால் வைத்து ஏறி உள்ளே வந்தாள். மூச்சு இரைக்க இரைக்க என் முன்னால் நின்றாள். லட்சுமி பக்கத்தில் இல்லை. வேறு வழியில்லாமல் என்னிடமே பேசினாள்.

"ஏண்டி, வாயில கொழுக்கட்டயா வெச்சிருக்க? கத்தறதுக்கென்ன?"

"வெக்கமா இருந்துச்சுக்கா."

சுற்றிப் பார்த்தாள். தரையெல்லாம் பால். என் புடவையெல்லாம் பால்.

"பொங்கிருச்சா?"

"பொங்கிருச்சுக்கா."

"எந்தப் பக்கம்?"

"எல்லாப் பக்கமும்."

அவள் சிரிக்க ஆரம்பித்தாள். சுவரில் சாய்ந்து சிரித்தாள். சிரித்துக்கொண்டே சுவரைத் தட்டிப் பார்த்து, "அசையல போ" என்றாள். பானையில் மிச்சம் இரண்டு டம்ளர் அளவுக்குத்தான் பால் இருந்தது. அதை நாங்கள் இரண்டு பேரும் குடித்துவிட்டோம். மூச்சிரைக்க ஓடிவந்த என் வீட்டுக்காரர் கைக்கடிகாரத்தைக் காட்டி, "ஏழு இருவது. நேரம் தப்பல" என்றார். நான் தப்பித்தேனா என்று பிறகுதான் கேட்டார்.

மறுபாதி சாயங்காலம் சுற்று வழியில் வந்து சேர்ந்தது. இரண்டையும் கிரேன் தூக்கி வைத்து, அடுத்த நாள் கோடு தெரியாமல் சேர்த்துவிட்டார்கள். அந்தக் குலுக்கலிலும் சுவரில் ஒரு விரிசல் கிடையாது. அதற்குப் பிறகு எத்தனையோ மழை பார்த்தாயிற்று. இடத்திலேயே நின்று நிதானமாகக் கட்டின அக்காவின் வீடுதான் மூலையில் ஒழுகுகிறது. சிமெண்டு வீட்டுக்குச் சமமாக இது வருமா என்று கேட்கிறவர்களிடம், எங்கள் வீட்டை வந்து தட்டிப் பாருங்கள் என்பேன். (மனசுக்குள்ளதான்.) சமையலறையில் பலகை இடுக்கில் போன பாலுக்கு மட்டும் வெகுநாள் எறும்பு வந்துகொண்டிருந்தது.

பால் காய்ச்சியது தன் வாசலில் என்பதால் இந்த வீட்டில் தனக்கும் பாத்தியம் உண்டு என்று சொல்லிக்கொண்டு, அக்கா தினமும் காலையில் காபிக்கு இங்கே வந்துவிடுவாள். இன்றைக்கும் வந்தாள். காது கொஞ்சம் மந்தமாகிவிட்டது.

என் வீட்டுக்காரர் போய் மூன்று வருஷம் ஆகிறது. இருந்தவரைக்கும் யார் வந்தாலும் அவர் சொன்னது இதுதான்: "எல்லாரும் வூட்டுக்குக் குடி வருவாங்க. இவ வூட்டோட குடி வந்தவ." நூறு முறை சொல்லியிருப்பார். நூறு முறையும் நான் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போயிருக்கிறேன். இப்போது அதை மருமகன் சொல்கிறார். சொந்தத்தில் எங்கே பால் காய்ச்சினாலும், "எந்தப் பக்கம் பொங்குச்சு?" என்று ஒருவர் கேட்க, "அத்தை வூட்டு மாதிரி எல்லாப் பக்கமும்" என்று இன்னொருவர் சொல்லாமல் இருப்பதில்லை.

செல்வி, இதில் தப்பு இருந்தால் சரிபார்த்துவிடு. மணி ஏழு இருபதா, இருபத்தைந்தா என்று மாப்பிள்ளையிடம் கேள். அக்கா தெரு முழுவதும் ஓடியதாகச் சொல்கிறாள். எனக்குப் பத்து வீட்டுத் தூரந்தான் ஞாபகம். இன்னொன்றையும் அவளிடம் கேட்டுச் சொல். ஜன்னலில் நான் "அக்கா" என்றது அன்றைக்கு அவளுக்குக் கேட்டதா, இல்லை என் வாய் அசைந்ததைப் பார்த்துத்தான் ஓடிவந்தாளா? தினமும் எதிரில்தான் உட்கார்ந்து காபி குடிக்கிறாள். எனக்குத்தான் கேட்க வெட்கமாக இருக்கிறது.