அந்தப் பதினொரு நிமிடம் செபம் அல்ல

இயேசு மரி சூசை துணை

சேந்த்-ஓதில், சஸ்காட்செவன்
2003 பிப்ரவரி 13, வியாழக்கிழமை

அன்பு மகள் மிரேய்க்கு,

பெரியம்மா லோரெத் ஆசீர்வாதத்தோடு எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பிள்ளைகளும் ஆண்டவர் புண்ணியத்தில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். நான் இருக்கிறேன். உன் பெரியப்பா போய் எட்டு வாரமாகிறது. இன்னும் இரண்டு பேருக்குத்தான் சமைக்கிறேன், மறுநாள் நானே இன்னொரு ஆளாக உட்கார்ந்து சாப்பிடுகிறேன். ஆறாம் வகுப்போடு படிப்பை விட்டவள் நான், பிழை இருந்தால் உன் சிவப்பு மையை என் மேல் கொட்டிவிடாதே.

நிற்க. சுற்றிலும் ஆங்கிலம் பேசும் இந்த மாகாணத்தில் நம் பிரெஞ்சு ஜனங்கள் தொடங்கின வானொலியின் சரித்திரத்தைப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்துகிறாய் என்று நேற்று உன் வகுப்புக்கு வந்தேன் அல்லவா, அங்கே சுவரில் பெரியப்பா படம், அதன் கீழே 'பிரெஞ்சு வானொலியைப் பதினொரு நிமிட மௌன செபத்தோடு தொடங்கி வைத்த ஸெனோன்' என்று பிள்ளைகள் எழுதியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை ஐம்பதாம் ஆண்டு விழாவில் ஆயர் முன்னால் எல்லோரும் அதேபோலப் பதினொரு நிமிடம் மௌனமாக இருக்கப் போகிறீர்களாம். "நீங்க முன்வரிசையில உக்காரணும் பெரியம்மா" என்றாய். நானும் மண்டையை ஆட்டிவிட்டு வந்துவிட்டேன். மகளே, அது செபம் இல்லை. அந்த மௌனத்தை விழாவிலிருந்து எடுத்துவிடு.

நடந்தது இதுதான். வானொலியில் வாசிக்க, குரலுக்காகத்தான் நம் பங்குச் சாமியார் அவரைப் பிடித்தார். அவர் தன் மாட்டைக் கூப்பிட்டால் மூன்று பண்ணை மாடுகள் புறப்பட்டு வரும், அப்படிக் குரல். முதல் நாள் கருவிகளைப் பார்க்கப் பட்டணத்திலிருந்து ஓர் ஆங்கிலேய இன்ஜினியர் வந்தார், கழுத்தில் டை, தலையில் சாம்பல் தொப்பி, கையில் கறுப்பு நோட்டு. சிவப்பு விளக்கு எரிந்தது, கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நின்று விரலைத் தூக்கினார். எங்கள் காலத்தில் பள்ளியில் நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் பிரெஞ்சு கூடாது என்பது சட்டம், சிஸ்டர்மார் அதை மீறித்தான் நடத்துவார்கள், டையும் நோட்டுமாக வருகிற ஆங்கில இன்ஸ்பெக்டரின் கார் தூரத்தில் தெரிந்ததும் பிரெஞ்சுப் புத்தகமெல்லாம் எங்கள் பிட்டத்துக்கு அடியில் போய்விடும், கையைக் கட்டி, வாயை மூடி, நேரே பார்ப்போம். அவருக்கு எட்டு வருஷம் அந்தப் பயிற்சி. டையையும் நோட்டையும் கண்டதும் இருபத்துமூன்று வயது ஆம்பிளை என்ன செய்தார் தெரியுமா? படிக்க வேண்டிய தாளை அடியில் வைத்து அதன் மேல் உட்கார்ந்து, கையைக் கட்டிக்கொண்டு நேரே பார்த்தார்.

எனக்கு அப்போது கல்யாணம் ஆகவில்லை. எங்கள் வீட்டில் அப்பா ரேடியோவின் காதைத் திருகு திருகென்று திருகுகிறார். "என்னடி, ஒண்ணும் பேசக் காணோம்?"

"சும்மா இருங்க, செபம் நடக்குது. முழங்கால் போடுங்க எல்லாரும்!" என்றாள் அம்மா.

போட்டோம். டெலிபோன் அடித்தது. அடுத்த பண்ணை ஒதெத் மாமி கிசுகிசுத்தாள்: "உங்க வீட்லயும் செபம்தானா?"

"ஆமா, போனை வை."

"எங்க வீட்டுக்காரரு தூங்கிட்டாரே."

"முழங்கால்லதானே தூங்குறாரு, தூங்கட்டும்."

அடுப்பில் பன்றிக்கறி அடைத்த தூர்த்தியேர் கருகியது, ஒருவரும் அசையவில்லை. கடைசியில் சாமியார் மாடிப்படியில் மூச்சிரைக்க ஏறி வந்து கத்தினது ரேடியோ வழியே வட்டாரம் முழுக்கக் கேட்டது: "எந்திரி! எந்திரிக்கப் போறியா இல்லையா!" நாங்கள் அத்தனை பேரும் எழுந்து நின்று சிலுவை போட்டுக்கொண்டோம். "சாமிக்கு இன்னைக்கு என்ன இவ்வளவு கோபம்?" என்றாள் அம்மா.

மறுவாரம், இப்படி ஒரு செபம் கண்டதில்லை என்று சாமியாருக்குக் கடிதம் கடிதமாக வந்தது. அவர் ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. குருப்பட்டம் வாங்கினவர்களுக்கு அது வரும். உன் பெரியப்பா அதற்குப் பிறகு முப்பத்தொரு வருஷம் கோதுமை விலை, பனிப்புயல், சாவு, செபமாலை எல்லாம் வாசித்தார். ஆனால் கோவில் வாசலில் கையைப் பிடிக்கிறவர்கள் அந்த மௌனத்துக்காகத்தான் பிடிப்பார்கள். "பயந்தேன் லோரெத். அவ்வளவுதான்" என்று என்னிடம் மட்டும் சொல்வார்.

செத்தவருக்குப் பெருமை வந்தால் உனக்கென்ன என்று நீ கேட்கலாம். நேற்று நீ பாடத்தின் நடுவில் இருக்கும்போது ஹீட்டர் ரிப்பேர்காரன் அட்டையும் பேனாவுமாக உள்ளே வந்தான். கீழே போகிற படி எங்கே என்றுதான் கேட்டான் பாவம். நீயும் பதினான்கு பிள்ளைகளும் சொல்லி வைத்தாற்போல ஆங்கிலத்துக்குத் தாவினீர்கள். அவன் போன பிறகும் பிள்ளைகள் அதிலேயே கிசுகிசுத்துக்கொண்டிருந்தார்கள். நான் மட்டும் யோக்கியமா, நானும்தான் "குட் மார்னிங்" என்றேன். இப்போது எந்தச் சட்டமும் இல்லை, இன்ஸ்பெக்டரும் இல்லை, ஆனாலும் இன்னும் அடியில் வைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறோம். அதைச் செபம் என்று நீ சொல்லிக்கொடுத்தால், தங்களுக்கு வருவது பயம் என்று அந்தப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? பெரியப்பா பயந்தார், பிறகு கசங்கின தாளை எடுத்து வாசித்தார் என்று சொல். விழாவில் மௌனம் வேண்டாம், எதையாவது பேசுங்கள்.

கர்த்தர் உன் வீட்டையும் வகுப்பையும் காக்கட்டும். மாப்பிள்ளையைக் காதை மூடித் தொப்பி போடச் சொல்.

உன் பெரியம்மா,
லோரெத்

பின்குறிப்பு: ஒட்டின உறையைத் திரும்பப் பிரித்து எழுதுகிறேன். பயந்தார் என்பதைச் சொல், ஆனால் மௌனத்தை எடுக்காதே. மேலே ஒன்றை எழுதாமல் விட்டுவிட்டேன். அது முழு மௌனம் இல்லை. ரேடியோவை ஒட்டி முழங்கால் போட்டிருந்தவள் நான், அதில் ஒருவர் மூச்சு விடுவது கேட்டது. அப்போது கோவிலில் தூரத்திலிருந்து பார்த்த பழக்கம்தான் எனக்கு அவரிடம், ஆனாலும் பயந்தவர் மூச்சு என்று தெரிந்தது. "பயப்படாதீங்க" என்று யாருக்கும் கேட்காமல் ரேடியோவிடம் சொன்னேன். கிறிஸ்துமஸுக்கு முந்தின வாரம் ஆஸ்பத்திரியிலும் அதே மூச்சுத்தான். அப்போதும் அதைத்தான் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை அந்தப் பதினொரு நிமிடம் எனக்கு வேண்டும்.